கதவுக்குள் நுழையாத பெட்டி

பட்டறையில் போன் அடித்தபோது நான் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தேன். கூனிமேட்டுக் காதர் பேசினார். பெரிய முதலியார்சாவடியில் ஒரு வீட்டுக்கு வெந்நீர்ப் பெட்டி மாட்டப் போயிருந்தவர்.

“அக்கா, தண்ணி நல்லா சுட்டுடுச்சு. பெட்டி ஓடுது.”

நம் பட்டறையில் அது சட்டம். எந்த ஊர் பிட்டர் பேசினாலும் முதலில் பெட்டி ஓடுகிறதா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். தலை போகிற விஷயமாக இருந்தாலும் அதற்குப் பிறகுதான். சட்டம் போட்டவர் பெட்டியைக் கண்டுபிடித்த சூசைநாதன் அண்ணன். காதர் சட்டப்படி பெட்டியைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மற்றதைச் சொன்னார்.

“அண்ணன் பெட்டி பக்கத்துலயே உக்காந்துனு இருந்தாருக்கா. தண்ணில கைய வெச்சுப் பாத்தாரு. அப்பறம் செவுத்துல சாஞ்சாரு. கூப்ட்டா எழுந்திரிக்கல.”

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நெஞ்சு வலியோடு பஸ் ஏறவே கூடாது என்று டாக்டர் அவரிடம் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லியிருந்தார். நான் அதோடு விடவில்லை. ஸ்பேனரும் குழாய் வெட்டியும் வைத்திருக்கும் அவருடைய தோல் பையைத் தூக்கிப்போய் என் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். “பை எங்கம்மா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, சைக்கிள் கடையில் ஒரு ஸ்பேனரை இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். ஒருத்தி அவருக்காக மெனக்கெட்டு ஒரு பொய் சொன்னால் அதற்குக்கூட மரியாதை கொடுக்கத் தெரியாத மனுஷன்.

பிட்டர்கள் சங்கம் அவர் நினைவாக மலர் போடுகிறது, நீங்களும் நாலு வரி எழுதுங்கள் அக்கா என்று கேட்டீர்கள். நல்லவர், தங்கமானவர் என்பதெல்லாம் அடக்கத்தன்று கோயில் வாசலிலேயே எல்லோரும் சொல்லி முடித்துவிட்டீர்கள். என் வீட்டுக்காரரும் அவரும் சேர்ந்து தொடங்கிய பட்டறை இது. என் வீட்டுக்காரர் போன பிறகு அவர் இடத்தில் நான் வந்து உட்கார்ந்தேன். அன்றிலிருந்து போன் எடுத்தது, ஆர்டர் பிடித்தது, வாங்கியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லாம் நான். அதனால் அந்த மனுஷன் என் உயிரை எப்படியெல்லாம் வாங்கினார் என்பதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு இதில் பங்கு உண்டு. படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அவரை அறியாத வீட்டுப் பெண்களும் மலரைப் படிப்பார்கள் என்பதால் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணன் முதலில் ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்தவர். ஐஸ் மெஷினின் பின்பக்கக் குழாய் கொதிப்பதைத் தொட்டுப் பார்த்து, இந்தச் சூட்டை ஏன் சும்மா காற்றில் விடுகிறோம் என்று கேட்டாராம். பிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிறது. இவர் அதைத் திருப்பிப் போட்டார். வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளும் பெட்டி. விறகு வேண்டாம், கெரசின் வேண்டாம், கரண்டும் கொஞ்சம்தான் இழுக்கும். கெரசினுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு கியூவில் நின்ற வருஷங்கள் அவை. பழைய பிரிட்ஜ் கம்ப்ரசர்களை வாங்கிவந்து, செப்புக் குழாய் சுற்றி, மரக்காணத்து உப்பளத்தின் ஓரத்தில் அவர் பெட்டி செய்ய ஆரம்பித்தார். வெயிலில் முட்டை வெந்துவிடும் ஊரில் உட்கார்ந்து வெந்நீர் விற்கப் பார்த்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

செய்த பெட்டியை விற்றாலாவது பரவாயில்லை. ஒவ்வொரு பெட்டியையும் கொல்லைப்புறத்தில் உப்பளத்தைப் பார்த்தமாதிரி வெட்டவெளியில் நிறுத்திவிடுவார். உப்புக் காற்று அடிக்கும், பெயிண்ட் பொரியும், ஒரு மூலையில் துரு எட்டிப் பார்க்கும். உடனே சுரண்டி, வேறு பூச்சு அடித்து, மறுபடி நிறுத்துவார். “மரக்காணத்துக் காத்துல நின்னுச்சின்னா எங்க வேணா நிக்கும்மா” என்பார். திண்டிவனத்தில் ஒரு லாட்ஜ்காரர் முன்பணம் கொடுத்துவிட்டுத் தினம் போன் செய்தார். என்னம்மா ஆச்சு என்று கேட்பவரிடம், உங்கள் பெட்டி கொல்லையில் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? பெயிண்ட் காயவில்லை, பாகம் வரவில்லை, வெல்டருக்குக் காய்ச்சல் என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். கடைசியில் லாட்ஜ்காரர் நேரில் வந்துவிட்டார். அண்ணன் அவரைக் கொல்லைக்கு அழைத்துப்போய், “உங்க பெட்டி இன்னும் துரு புடிக்கறத நிறுத்தல சார்” என்று பெருமையாகக் காட்டினார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உங்களுக்கு அவர் எடுத்த பாடம் நினைவிருக்கும். பெட்டி மாட்ட விரும்பும் பிட்டர் யாராக இருந்தாலும் இங்கே வந்து ஒரு பெட்டியைப் பிரித்து மறுபடி பூட்டிக் காட்ட வேண்டும். அதுவரைக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாடு. எத்தனை பேருக்கு மீன் குழம்பு வைத்தேன் என்று எனக்கே தெரியாது. அதோடு விட்டாரா? மாட்டிய பிறகு சந்தேகம் வந்தால் எந்த நேரமும் போன் செய்யுங்கள் என்று வேறு சொல்லி அனுப்பினார். “ரிசீவர பெட்டிகிட்ட புடிப்பா, நான் கேக்கறேன்” என்பார். விழுப்புரத்திலிருந்து ஒருமுறை டிரங்க் கால். ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார். பிறகு, காற்றாடியின் பேரிங் போய்விட்டது என்று சொல்லி, புதுக் காற்றாடியோடு பஸ் ஏறிப் போனார். அங்கே போய்ப் பார்த்தால் பெட்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து அறையில் அந்த வீட்டு அம்மா தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தாராம். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: “பேரிங் போனது கரெக்டும்மா. மெஷின்தான் வேற. அதுக்கும் எண்ணெய் போட்டுட்டு வந்தேன்.”

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. என் நெஞ்சில் இன்னும் எரிவது பாண்டிச்சேரி பிரசவ ஆஸ்பத்திரி விவகாரம்தான்.

அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவை நான் நடையாய் நடந்து சம்மதிக்க வைத்திருந்தேன். பிள்ளை பெற்றவர்களுக்கு வெந்நீர் போட்டு மாளவில்லை, ஒரு பெட்டி மாட்டுங்கள், சரியாக இருந்தால் எல்லா வார்டுக்கும் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அந்த ஆர்டர் வந்தால் பட்டறை நிமிர்ந்துவிடும். வராவிட்டால் வெல்டருக்கு வேலை கொடுக்க முடியாது. அண்ணனுக்கும் இது நன்றாகத் தெரியும். மாட்டுவதற்குக் காதர் போனார். அப்போது அவருக்குத் தொழில் புதிது. ஆஸ்பத்திரிக்கு எதிரே பாத்திரக் கடை வைத்திருந்த பாய், காதருக்குப் பெண் கொடுப்பதாகப் பேசியிருந்தவர். “நம்ம பையன், கெட்டிக்காரன்” என்று டாக்டரம்மாவிடம் சொல்லி வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

சில நாளில் டாக்டரம்மாவிடமிருந்து போன். உடனே வாருங்கள் என்றார். நானும் அண்ணனும் போனோம். காதர் முன்னாலேயே வந்து சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பாயும் கடையை விட்டு வந்து நின்றார். டாக்டரம்மா எங்களை ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்தார். ஜிலீர் என்று முகத்தில் அடித்தது. நடுவில் நம் பெட்டி. ஜன்னலைப் பலகை வைத்து அடைத்து, இடுக்கெல்லாம் சாக்குத் துணியைத் திணித்து, ஒரு பொட்டு உப்புக் காற்று உள்ளே வராதபடி அவ்வளவு நேர்த்தியாகச் செய்து வைத்திருந்தார் காதர். பெட்டி அந்தச் சின்ன அறையில் இருந்த சூட்டையெல்லாம் உறிஞ்சி முடித்துவிட்டு, அதற்குமேல் இழுக்கச் சூடு இல்லாமல் குழாய் முழுக்க வெள்ளையாக உறைந்து நின்றது. தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. வார்டில் வேலை செய்யும் பெண்களுக்கு மட்டும் ஏக சந்தோஷம். அலமாரியில் தயிர்ச் சட்டி, சாத்துக்குடி, இலையில் சுற்றிய மல்லிகைப்பூ எல்லாம் வரிசையாக இருந்தன.

“வெந்நீர் கேட்டா பிரிட்ஜ் குடுத்துட்டுப் போயிருக்கீங்க” என்றார் டாக்டரம்மா. பிறகு அண்ணனை நேராகப் பார்த்துக் கேட்டார்: “பெட்டி மேல தப்பா, மாட்டின ஆள் மேல தப்பா? அத மட்டும் சொல்லுங்க. ஆள் மேலன்னா வேற ஆள அனுப்புங்க, மீதிப் பெட்டியும் எடுத்துக்கறேன். பெட்டி மேலன்னா இதையும் தூக்கினு போயிடுங்க.”

இதைவிடச் சுலபமாக யாராவது கேள்வி கேட்க முடியுமா? பெட்டியை வெளியில் காற்றாட வைக்க வேண்டும் என்று அண்ணன் காதருக்குப் பாடம் எடுத்தபோது நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

“பெட்டி மேலதாம்மா தப்பு. தம்பி சரியாத்தான் மாட்டியிருக்காரு.”

காதர் ஏதோ சொல்ல வந்தார். அண்ணன் அவரிடம், “ஏம்பா, அந்தப் பக்கம் புடி, தூக்குவோம்” என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கோட்டக்குப்பம் தாண்டியதும் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. பொய் சொல்லிவிட்டீர்கள் என்றேன். ஊரில் பிட்டர்களுக்கெல்லாம் நல்ல பேர், நம் பெட்டிக்குத்தான் கெட்ட பேர் என்றேன். வெளியில் வைக்கச் சொல்லி நீங்கள்தானே பாடம் எடுத்தீர்கள் என்றேன்.

“சொன்னேன்மா. நான் ஒரு நாள் சொன்னேன். அவன் பொறந்ததுலேர்ந்து அவுங்க அம்மா சொல்லியிருக்காங்க, இரும்ப வெளிய வுடாதடான்னு. சைக்கிள நடு வூட்ல நிறுத்தறோம். தையல் மெஷினுக்குப் போர்வ போத்தறோம். இந்தக் கரையில உள்ள வெச்சா கெட்டுப்போற ஒரு இரும்ப நான் செஞ்சிருக்கேன். அவன் அத புள்ள மாதிரி மூடி வெச்சிருக்கான். அப்ப தப்பு யாருது?”

“அதையாவது டாக்டரம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே?”

“மாமனார் ஆகப்போறவரு நிக்கறாரும்மா. பெட்டியத் திட்டினா பெட்டிக்கு வலிக்குமா? அவன் நாளைக்கும் அந்தத் தெருவுல நடக்கணும்.”

எனக்கும் வெல்டருக்கும் நாளைக்கு நடக்கத் தெரு வேண்டாமா என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் இருந்தார். அந்த வருஷம் வெல்டர் திண்டிவனத்துக்கு வேலை தேடிப் போனார். மழைக்காலம் முழுக்கப் பட்டறைக் கூரை ஒழுகியது. டிரங்க் கால் வந்தால் குடையைப் பிடித்துக்கொண்டு பேசினேன். காதருக்குக் கல்யாணம் சிறப்பாக நடந்தது. பிரியாணி நன்றாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

ஆர்டர் போன துக்கத்தில் ஒருவர் சும்மா இருப்பார் என்று நினைப்பீர்கள். இவர் ஒரு நூல்கண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மரக்காணத்திலிருந்து தெற்கே போய் வீடு வீடாக ஸ்டோர் ரூம் கதவின் அகலத்தை அளந்தார். அரசாங்கத்து ஆள் என்று பயந்தவர்கள் உண்டு. பழைய கதவு வாங்க வந்தவர் என்று நினைத்து ஒருவர் கதவைக் கழற்றியே கொடுத்துவிட்டார். அளந்து முடித்து வந்து, பெட்டியின் இரண்டு பக்கமும் இரும்பில் நீளமாகக் கொம்பு வைத்தார். எந்த ஸ்டோர் ரூம் கதவுக்குள்ளும் நுழையாத பெட்டி. இனிமேல் யார் நினைத்தாலும் உள்ளே வைக்க முடியாதும்மா என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கும் முதலில் நல்ல யோசனையாகத்தான் பட்டது. பிறகுதான் தெரிந்தது, அது எங்கள் பட்டறைக் கதவுக்குள்ளும் நுழையாது. வெளியே வெயிலில் நின்றுதான் வேலை செய்ய வேண்டும். பஸ் கூரையில் ஏற்றக் கண்டக்டர் சம்மதிக்கவில்லை. சரிந்தால் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு வருபவர்களைக் குத்திவிடும் என்றார். கடைசியில் உப்பு லாரியில் அனுப்பினோம். எந்த உப்புக்குப் பயந்து ஊரே இரும்பை மூடி வைக்கிறதோ, அந்த உப்பு மூட்டைகளுக்கு நடுவில் கொம்பை நீட்டிக்கொண்டு நம் பெட்டி ஊர் ஊராகப் போனது.

அனுமந்தையில் ஒரு மீன்பிடி போட்காரர் வீட்டுக்குக் கோவிந்தன் பெட்டி மாட்டினார். கோவிந்தன் இதைப் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மறு வாரமே போன்: “அண்ணே, பெட்டி ஓடுது. ஆனா தண்ணி சுடல.” அண்ணனைத் தனியாக அனுப்ப எனக்கு நம்பிக்கையில்லை, நானும் கூடப் போனேன். பெட்டி சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறைக்குள் பத்திரமாக இருந்தது. கொம்பு இரண்டையும் ரம்பத்தால் அறுத்து, வழவழப்பாகத் தேய்த்தும் வைத்திருந்தார் கோவிந்தன். உப்புக் காத்து அடிக்குமே, புதுப் பொருளாச்சே என்று அந்த வீட்டம்மா கெஞ்சினாராம். இப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்வார் என்று அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அந்த அம்மாவிடம் சொன்னார்: “பெட்டிக்குக் கொம்பு வெச்சது என் தப்பும்மா. பாவம், இவரு அறுக்க எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பாரு.” அறுத்த கொம்புகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். வழியில் நான் பேசியதையெல்லாம் இங்கே எழுதினால் சங்கத்து மலரில் போட மாட்டார்கள்.

கொம்பும் தோற்ற பிறகு அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. எந்த ஊரில் பெட்டி மாட்டினாலும் தானே போய் நிற்பது. பிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டி வெளியில் இருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் சுட்டதும் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். நெஞ்சு வலிக்க ஆரம்பித்த பிறகும் போனார். காதருக்கு அவர் வரவே தேவையில்லை. காதரைவிட ஒழுங்காக மாட்டுகிறவர் இன்று இந்தக் கரையில் யாரும் இல்லை. “நீங்க வராதீங்கண்ணே, நான் பாத்துக்கறேன்” என்று அவரும்தான் கெஞ்சினார். கேட்கிற ஆளா?

அடக்கம் முடிந்து கல்லறை வாசலில் நின்றபோது காதரின் மாமனார் என்னிடம் வந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. “உங்க பெட்டி நல்ல பெட்டிதாம்மா. எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றார். எப்படி என்றேன். “காதர் அன்னிக்கி சாயங்காலமே வந்து சொல்லிட்டான், தப்பு என்னுதுதான் மாமு, பெட்டி மேல இல்லன்னு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் அந்தப் பொய் எதற்கு? என் ஆர்டர் எதற்குப் போனது? கல்லறை வாசல் என்றும் பார்க்காமல் அவரிடமே கேட்டுவிட்டேன்.

“எனக்கு மனசுல கொஞ்சம் யோசன இருந்துச்சும்மா, குடுக்கலாமா வேணாமான்னு. ஒரு ஆளு இவனுக்காகத் தன் சரக்கையே கெட்டதுன்னு சொல்லிட்டுத் தூக்கினு போறாரு. இவனும் அத மறைக்காம வந்து சொல்றான். அதுக்கு மேல இன்னா பாக்கணும்? குடுத்துட்டேன்” என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஆர்டரை நினைத்தால் இன்றும் வயிறு எரியத்தான் செய்கிறது.

போன வாரம் பட்டறை போன் அடித்தது. செய்யூரிலிருந்து தாசன். சேதி அவருக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது; அண்ணன் வருவார் என்று காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே பெட்டியை மாட்டியிருக்கிறார்.

“அக்கா, பெட்டி ஓடுது. தண்ணி சுடல. ரூமுதான் சில்லுன்னு ஆவுது. அண்ணன் இருக்காராக்கா?”

“எங்க வெச்சீங்க?” என்றேன்.

“உள்ளதாங்க்கா. காத்து ரொம்ப அடிச்சுது...”

நான் திட்ட ஆரம்பிப்பதற்குள் அந்த வீட்டம்மா போனை வாங்கிவிட்டார். “ஏம்மா, உங்க ஆளு வேல தெரிஞ்சவருதானா? இல்ல உங்க பெட்டியே இப்டித்தானா? யார் மேல தப்பு?”

சொல்ல வேண்டிய பதில் என்னிடம் ஆண்டுக்கணக்காகத் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் போனுக்கு அருகில் தாசன் தொண்டையைச் செருமுவது கேட்டது.

“பெட்டி மேலதாம்மா தப்பு” என்றேன். “தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க. நாளைக்கு வர்றோம்.”

அது பொய் என்று அண்ணனிடம் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்ல இனிமேல் பட்டறையில் என்னை விட்டால் ஆள் இல்லை. வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்து அவருடைய தோல் பையை எடுத்தேன். தூக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது, இத்தனை கனத்தையா இந்த மனுஷன் ஊர் ஊராகச் சுமந்தார்! கூட வருவதாகச் சொன்ன காதரை வழியில் ஏறிக்கொள்ளச் சொல்ல முடியாது, செய்யூர் கூனிமேட்டுக்கு எதிர்ப்பக்கம். காலையில் கூனிமேட்டிலிருந்து அவரே மரக்காணம் வந்துவிட்டார். பையை நான் தூக்கி வருகிறேன், கொடுங்கள் என்று கேட்டார். கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, செய்யூர் போய்ச் சேரும்வரை சூசைநாதன் அண்ணனைத் திட்டிக்கொண்டே போனேன்.